ஏழாம் நம்பர் லேபிளுக்கு அடியில்

புதுவாயல்
4.8.2025, திங்கள்

ஏஞ்சல்,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். போஸ்ட்மேனை எப்படி பிளாக் செய்கிறாய் என்று பார்க்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் 'தோழிக்குக் கடிதம்' எழுதியதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. அதில் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். அந்தத் தோழி என் நம்பரை பிளாக் செய்யவில்லை.

சனிக்கிழமை உன் கபடி மேட்ச் பார்க்கத் திருவள்ளூருக்கு எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன் தெரியுமா? எங்கள் தையல் லைனிலிருந்து நாலு பேர். நாலு பேரும் லீவு போட்டு, நாலு பேருக்கும் இந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு. என் பேச்சை நம்பித்தானே வந்தார்கள்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், எங்கள் ஃபேக்டரியில், கீரி கம்பெனிக்காகக் கீரிப்படம் போட்ட சட்டை தைக்கிறவர்கள் ஆயிரத்து இருநூறு பேர். அதில் எவள் தங்கச்சி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹோர்டிங்கில் நிற்கிறாள்? என் தங்கச்சிதான். புதுவாயல் கூட்டுரோட்டில் எளாவூர் பக்கம் போகிற லாரிக்காரன் எல்லாம் உன் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் ஆந்திராவுக்குள் போகிறான். அந்த மெரூன் சட்டை, ஏழாம் நம்பர், என் மெஷினில் ஏறி இறங்கியது. "வாங்கடி, நேர்ல காட்டுறேன்" என்று இழுத்து வந்தேன்.

வந்து பார்த்தால் நீ சாயம் போன பையன்கள் சட்டையில் நிற்கிறாய். முதுகில் பிளாஸ்டர் ஒட்டி ஏழு என்று எழுதியிருக்கிறது. தோள்பட்டை முழங்கை வரை தொங்குகிறது. என் கூட வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல ஆகிவிட்டது.

"நான் தச்ச சட்டைன்னா போட்டுக்க அவ்ளோ கேவலமா கீதா ஒனக்கு?" என்று நான் கத்தியது தப்புதான். எல்லார் முன்னாலும் கத்தினேன். ஆனால் நீ இன்னா சொன்ன? "உன் வேலய பாத்துக்கினு போக்கா." என் வேலையே உன் சட்டைதானடி.

போட்டோவுக்கு மட்டும் இனிக்கிற சட்டை மேட்சுக்கு ஏன் கசக்கிறது? பதில் எழுது. நைனாவும் கேட்கிறார்.

சுகிர்தா

—

வேப்பம்பட்டு, லேடீஸ் ஹாஸ்டல்
9.8.2025

அக்கா,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தை நாலு தரம் படித்த பிறகு முடியவில்லை.

அந்தச் சட்டையை நான் நாற்பது நிமிடம் போட்டிருந்தேன். அவ்வளவுதான்.

போன வருஷம் டிசம்பரில் கீரி கம்பெனியோடு எங்கள் காலேஜ் ஒப்பந்தம் போட்டது. கட்டில் அகலத்துக்கு ஒரு செக்கைத் தூக்கிக் காட்டினார்கள். வருஷத்துக்கு முப்பது லட்சம், மூன்று வருஷம். அதில் பத்து லட்சம் பெண்கள் அணிகளுக்கு என்று கரஸ்பாண்டென்ட் சார் மைக்கில் சொன்னார். நாங்கள் கை தட்டினோம். ஜனவரியில் போட்டோ எடுக்க வந்தார்கள். கபடி, வாலிபால், த்ரோபால் மூன்று டீமுக்கும் புதுச் சட்டை கொடுத்தார்கள். ரிஜிஸ்டரில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கினார்கள். போட்டோ முடிந்ததும் எங்கள் பி.டி. அருணாச்சலம் சார், "கழட்டிக் குடுங்கம்மா, பத்திரமா வச்சிருந்து மேட்சுக்குத் தரேன்" என்றார். கழற்றிக் கொடுத்தோம். திருப்பிக் கொடுத்ததற்கு எந்த ரிஜிஸ்டரும் இல்லை. அதோடு அந்தச் சட்டையை ஹோர்டிங்கில்தான் பார்க்கிறேன்.

பத்து லட்சமும் அப்படித்தான். இன்னும் அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டுதான் மேட்சுக்குப் போகிறோம். தினம் ஒரு முட்டை எங்கள் சொந்தக் காசு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போன வருஷம் வாலிபால் அக்கா ஒருத்தி ஷூ கேட்டாள். அடுத்த செமஸ்டர் அவளுடைய ஸ்போர்ட்ஸ் கன்செஷன் ரத்து. அவள் இப்போது ஒரகடத்தில் வேலை செய்கிறாள். என் ஃபீஸில் பாதி அந்தக் கன்செஷன்தான். மீதிப் பாதி உன் ஓவர்டைம்.

அன்றைக்கு உன்னைப் பார்த்ததும் எனக்கு வந்தது வெட்கம். நீ தைத்ததால் இல்லை. நீ தைத்தது என் உடம்பில் இல்லையே என்று. அதைச் சொல்லத் தெரியாமல் கத்திவிட்டேன்.

நீ ஒன்றும் செய்யாதே. உன்னை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

ஏஞ்சல்

—

புதுவாயல்
18.8.2025

என் செல்ல எருமைக்கு,

உன் கடிதத்தை நைனா முதலில் பிரித்துப் படித்துவிட்டார். படித்து முடித்துவிட்டு, "முட்ட வாங்க டப்பு இல்லன்னு எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். முட்டைக்கு ஐந்நூறு ரூபாய் ஜிபே செய்திருக்கிறார். நான் கத்தியதற்கு மன்னித்துவிடு. உன்னைக் கேட்காமல் தீர்ப்பு சொன்னது என் குற்றம். இனிமேல் கேட்டுவிட்டுக் கத்துகிறேன்.

இப்போது ஒரு வேடிக்கை கேள். உங்கள் காலேஜின் இந்த வருஷ ஆர்டர் எங்கள் லைனுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டு வரும். எந்த டீம், என்ன சைஸ், எத்தனை பீஸ் என்று அதில் இருக்கும். போன வருஷச் சீட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகளிர் அணிகள் முப்பத்தாறு, எல்லாம் எஸ், எம், இரண்டு மூன்று எல்.

இந்த வருஷமும் மகளிர் அணிகள் முப்பத்தாறுதான். சைஸ் மட்டும் எக்ஸெல் பன்னிரண்டு, டபுள் எக்ஸெல் பதினாறு, ட்ரிபிள் எக்ஸெல் எட்டு. ஆம்பளை கட்டிங். வயிற்றுக்கு இரண்டு இன்ச் கூடுதல் விடச் சொல்லிக் குறிப்பு வேறு.

உங்கள் டீமில் யாருக்கடி அந்த வயிறு? லைனே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். டிபன் நேரத்தில்தான் சிரிப்பு நின்று வயிறு எரிந்தது. போட்டுக்கொள்ளப் போகிறவர்களின் அளவை அப்படியே எடுத்து, தலைப்பை மாற்றாமல் அனுப்பியிருக்கிறார்கள். தைக்கிறவள் படிக்கமாட்டாள் என்ற தைரியம்தானே?

அடுத்த வாரம் கீரி கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா சொன்னேன்.

சுகிர்தா

—

வேப்பம்பட்டு
22.8.2025

அக்கா,

'சும்மா சொன்னேன்' என்று நீ எழுதியதைப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சல் வருகிறது.

அந்த வயிறுகள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். கரஸ்பாண்டென்ட் சாரின் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிரவுண்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆறு ஓவர் ஆட்டம், அறுபது பிரியாணி. தெரிந்து என்ன செய்ய?

நாங்கள் மண்டலத்தில் ஜெயித்துவிட்டோம், சொல்ல மறந்துவிட்டேன். பிளாஸ்டர் ஒட்டிய சட்டையோடுதான். அடுத்து மாநிலப் போட்டி, டிசம்பரில் திருச்சியில். அதுவரை நான் இந்தக் காலேஜில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு செமஸ்டர், ஒரு டிகிரி. நம் வீட்டில் முதல் டிகிரி. உனக்கு ஒரு கம்பெனி போனால் சிப்காட்டில் அடுத்த கேட். எனக்கு இது போனால் அடுத்த கேட் இல்லை.

கெஞ்சிக் கேட்கிறேன். ஆடிட்டில் வாயைத் திறக்காதே.

ஏஞ்சல்

—

புதுவாயல்
29.8.2025

ஏஞ்சல்,

உன் கடிதம் பிள்ளையார் சதுர்த்தி லீவு முடிந்து நேற்று, வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. நான் செவ்வாய்க்கிழமையே வாயைத் திறந்துவிட்டேன்.

திட்டுவதற்கு முன்னால் நடந்ததைக் கேள். ஆடிட் என்றால் பிராண்ட் ஆட்கள் எங்களை ஒவ்வொருத்தராகத் தனி அறையில் உட்கார வைத்துக் கேட்பார்கள். டாய்லெட் போக விடுகிறார்களா, ஓவர்டைம் காசு ஒழுங்காக வருகிறதா. ஒரு வாரம் முன்னாலேயே எங்கள் மேனேஜர் ராஜமாணிக்கம் சார் பதில்களைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். வந்த மேடம் பெயர் விக்டோரியா. கேட்டதற்கெல்லாம் நான் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னேன். கடைசியில் அந்த மேடம் பேனாவை மூடிவிட்டு, "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

எங்களுக்குப் பதில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேள்வி சொல்லிக் கொடுக்கவில்லை.

"மேடம், கபடி ஆடுற பொண்ணுங்கோ ட்ரிபிள் எக்ஸெல் போடுவாங்களா?" என்றேன். அவ்வளவுதான். உன் பேரைச் சொல்லவில்லை, தங்கச்சி என்று சொல்லவில்லை.

அந்த மேடம் சிரிக்கவில்லை. மூடிய பேனாவை மறுபடி திறந்தார். சீட்டை எடுத்து வரச் சொன்னார். பிறகு தன் போனில் உன் ஹோர்டிங் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த விளம்பரம் அவர்கள் தலையில் எவ்வளவு செலவோ.

நான் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது என் கால் தரையில் படவில்லை, அதையும் மறைக்கமாட்டேன்.

அக்கா

—

வேப்பம்பட்டு
6.9.2025

அக்காவுக்கு,

உன் ஒரே கேள்விக்கு இங்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பவள் நான்.

கீரி கம்பெனியிலிருந்து மெயில் வந்ததாம். போன வருஷம் கொடுத்த முப்பத்தாறு செட் யாரிடம் இருக்கிறது, பத்து லட்சத்துக்கு என்ன கணக்கு, பதில் வரும்வரை இந்த வருஷப் பணம் கிடையாது என்று. எங்கள் கபடி டீம் பன்னிரண்டு பேரையும் கரஸ்பாண்டென்ட் அறைக்குக் கூப்பிட்டார்கள். ரிஜிஸ்டர் மேஜையில் திறந்திருந்தது. என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்கினதுக்கு ப்ரூஃப் இருக்கு. திருப்பிக் குடுத்ததுக்கு எங்கம்மா ப்ரூஃப்?" என்றார். சட்டைகளைத் தொலைத்துவிட்டோம் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தால் மன்னிப்பு. கொடுக்காவிட்டால் காலேஜ் பொருளை விற்றுவிட்டோம் என்று நடவடிக்கை, கன்செஷன் ரத்து. 15ஆம் தேதி திங்கட்கிழமை கடைசி நாள். அருணாச்சலம் சார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு ரெய்டு போகக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

போன்களை வார்டன் வாங்கி வைத்துக்கொண்டார். 'கேம்ப் ஒழுக்கம்' என்று பெயர்.

எங்கள் டீம் மோனிகா அழுதுகொண்டே இருக்கிறாள். அவள் அப்பா இல்லாத பெண். தொலைத்துவிட்டோம் என்று எழுதிவிடலாம், ஒரு வரிதானே என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உன் கால் தரையில் படவில்லை, சந்தோஷம். என் கால் இருக்கும் தரையை இழுக்கிறார்கள்.

இனி எழுதாதே.

ஏஞ்சல்

—

புதுவாயல்
10.9.2025, ஸ்பீடு போஸ்ட்

ஏஞ்சல்,

எழுதாதே என்றால் எழுதுவேன். எழுது என்றிருந்தால் சோம்பலில் விட்டிருப்பேன்.

எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. ஒன்று சொல்கிறேன், இதை எங்கள் லைனில்கூட யாருக்கும் சொன்னதில்லை.

நான் தைப்பது லேபிள். சட்டையை உள்பக்கம் திருப்பினால் இடது ஓரத் தையலில், எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதிய வெள்ளைத் துணி தொங்குமே, அது. நாளைக்கு எண்ணூறு பீஸ். உங்கள் கபடி டீமின் மெரூன் சட்டை வந்த அன்றைக்கு நம்பர் பார்த்துப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வந்தது. ஃபுட்பால் ஆர்டரின் சிவப்பு நூல் பக்கத்தில் கிடந்தது. நூலை மாற்றினேன். லேபிளைத் தூக்கி, அதற்கு அடியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டேன். நெடுக்கே ஐந்து தையல், குறுக்கே மூன்று. பிறகு லேபிளை மேலே விட்டுவிட்டேன். செக்கிங்கில் யாரும் லேபிளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. வேறு கலர் நூல் என்றால் ரிஜெக்ட், எனக்கு மெமோ. இருந்தாலும் போட்டேன். நீ விழுந்து அடிபடாமல் இருக்க வேறு என்ன செய்வேன்? மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினால் அது அங்கேயே நிற்கும். இது உன் கூட ஓடும்.

ஆகவே ஏழாம் நம்பர் எந்த ஊரில், எவன் முதுகில் இருந்தாலும் அது உன் சட்டைதான் என்று நான் சொல்ல முடியும். தேடு. முப்பத்தாறு சட்டை காற்றில் கரைந்து போகாது. எஸ் சைஸும் எம் சைஸும் அந்தப் பிரியாணி வயிறுகளுக்குள் ஏறாது. அப்படியென்றால் சின்ன உடம்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்.

இன்னொன்று. உங்கள் காலேஜில் நாலாயிரம் பேர். கீரிப்படம் போட்ட பி.டி. டிரெஸ்ஸை எல்லாரும் கட்டாயம் வாங்க வேண்டும், ஆயிரத்து எண்ணூறு ரூபாய். நானும் உனக்குக் கட்டினேனே. பெருக்கிப் பார்த்தேன், எழுபத்திரண்டு லட்சம். கம்பெனி காலேஜுக்குக் கொடுப்பது முப்பது. இதில் யார் யாருக்கடி ஸ்பான்சர்?

கன்செஷன் போனால் போகட்டும், இரண்டு செமஸ்டர் நான் இழுக்கிறேன். பொய் மட்டும் எழுதாதே.

அக்கா

—

வேப்பம்பட்டு
16.9.2025

அக்கா! அக்கா! அக்கா!

கிடைத்துவிட்டது.

எங்கள் டிரஸ்ட் நடத்தும் ஸ்கூல் இதே காம்பவுண்டில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் காலையில் எங்களுக்குப் பக்கத்து கோர்ட்டில் ஆடுகிறார்கள். ஜூன் மாதத்திலிருந்து மெரூன் சட்டைதான் போடுகிறார்கள். ஸ்கூல் சின்னம் இருப்பதால் அவர்களுடையது என்று நினைத்துத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. திங்கள் காலை முதல் வேலையாக அங்கே போய் நின்றேன். ஏழாம் நம்பர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, பெயர் ஜோதிலட்சுமி. "ஒரு நிமிஷம் நில்லும்மா" என்று சட்டை ஓரத்தைத் திருப்பி லேபிளைத் தூக்கினேன்.

நெடுக்கே ஐந்து. குறுக்கே மூன்று.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளை பயந்துவிட்டாள். "அக்கா, நான் இன்னும் துவைக்கலக்கா, ஊட்ல அம்மா ஊருக்குப் போய்க்கீது" என்கிறாள். அழுக்கைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள் பாவம்! ஸ்கூல் சின்னத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் எங்கள் காலேஜ் பெயர்.

இலவசமாக எங்களுக்கு வந்த சட்டையை அந்தப் பிள்ளைகளுக்கு ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். அவள் அப்பா துளசிராமன் நெல் பயிரிடுகிறவர். வாங்கிய எந்தச் சாமானின் பில்லையும் தூக்கிப் போடமாட்டாராம், யூரியா மூட்டை பில்லிலிருந்து எல்லாவற்றையும் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். சாயந்திரம் பில்லோடு வந்துவிட்டார்.

அதற்கு முன்னால் மத்தியானம் கடைசி நேரம் வந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே காகிதத்தில் எழுதினோம். 'நாற்பது நிமிடம் அணிந்தோம். திருப்பிக் கொடுத்தோம்.' முதல் கையெழுத்து யார் தெரியுமா? மோனிகா.

ஒரே ஒரு கவலை. சிலுவை உன்னுடையது என்று சொன்னால்தான் இது நிற்கும். சொன்னால் உனக்கு வேலை போகுமா? நீ வேண்டாம் என்றால் பில்லை மட்டும் வைத்துப் பார்க்கிறோம். உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன்.

ஏஞ்சல்

—

புதுவாயல்
20.9.2025

ஏஞ்சல்,

கேட்டாய் பார், அதற்காகவே சொல்கிறேன். சொல்லிவிட்டேன்.

விக்டோரியா மேடத்தின் நம்பர் எங்கள் சுவரில் ஒட்டிய ஆடிட் போஸ்டரிலேயே இருக்கிறது. போன் செய்து, தங்கச்சி என்பது உட்பட எல்லாம் சொன்னேன். மறுநாளே வந்தார். லேபிளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நூல் கலர், தையல் எண்ணிக்கை எல்லாம் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டி, என் எதிரிலேயே சீல் வைத்தார். சட்டையை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. உங்கள் காலேஜில் எல்லார் முன்னாலும்தான் பிரிப்பாராம்.

ராஜமாணிக்கம் சார் மெமோ கொடுத்துவிட்டார். ஒரு நாள் சம்பளம் கட். "இன்னாம்மா சுகிர்தா, கம்பெனிய கோயிலாக்கிட்ட?" என்றார். வேலை போகவில்லை. போயிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

நீ அந்த அறையில் நிமிர்ந்து உட்கார். அந்தப் பெருக்கல் கணக்கையும் மறக்காதே.

அக்கா

—

வேப்பம்பட்டு
4.10.2025

அக்கா,

போன் திரும்பி வந்துவிட்டது, உன்னை அன்பிளாக்கும் செய்துவிட்டேன். ஆனாலும் இதைக் கடிதத்தில்தான் சொல்வேன். போனில் நீ குறுக்கே பேசுவாய்.

கரஸ்பாண்டென்ட் அறை. அவர், பி.டி. சார், விக்டோரியா மேடம், நானும் மோனிகாவும், துளசிராமன் அண்ணன், ஜோதிலட்சுமி. முதலில் ரிஜிஸ்டரைக் காட்டினார்கள். மேடம் பார்த்தார். எங்கள் காகிதத்தைப் பார்த்தார். பிறகு உறையைப் பிரித்து நீ எழுதியதைச் சத்தமாகப் படித்தார். உன் எழுத்துப் பிழைகளோடு படித்தார், அக்கா. ஜோதிலட்சுமி சட்டையை மேஜைமேல் வைத்தாள். மேடம் லேபிளைத் தூக்கினார்.

நெடுக்கே ஐந்து, குறுக்கே மூன்று என்று விரல் வைத்து எண்ணினார்.

"இது ஏதோ ஒரு சட்டை கலந்துபோயிருக்கும்" என்றார் கரஸ்பாண்டென்ட். துளசிராமன் அண்ணன் எழுந்து, "கலந்து போறதுக்கு இன்னா சார், சாம்பாரா? நான் டப்பு குடுத்து வாங்கனேன், இந்தா பில்லு" என்று வைத்தார். அப்போதுதான் அருணாச்சலம் சார் வாயைத் திறந்தார். "நான்தான் வாங்கி வச்சேன் மேடம். குடுக்கச் சொன்ன இடத்துல குடுத்தேன். பதினெட்டாயிரம் சம்பளம், வருஷா வருஷம் ரெனிவல்" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கோங்கம்மா" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

மேடம் கேட்டார், "முப்பத்தாறு சட்டைக்கே இந்தக் கணக்குன்னா, பத்து லட்சத்துக்கு என்ன கணக்கு சார்?" கரஸ்பாண்டென்ட் என்னைப் பார்த்து, "ஸ்பான்சர் ஓடிட்டா காலேஜுக்குத்தான் நஷ்டம், புரியுதா?" என்றார். அப்போது உன் பெருக்கலைச் சொன்னேன். நாலாயிரம் பேர், ஆயிரத்து எண்ணூறு. "சார், ஸ்பான்சர் நாங்கதான்." மேடம் கொஞ்சம் நெளிந்தார், அவர் கம்பெனியும் அதில் சேர்த்திதானே. ஆனால் மறுக்கவில்லை.

முடிவைக் கேள். பெண்கள் அணிகளின் பணம் இனி தனி அக்கவுண்டில் வரும். எடுக்க மூன்று கேப்டன்களும் ஒரு பெண் விரிவுரையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். போன வருஷப் பத்து லட்சத்தைக் காலேஜ் இரண்டு தவணையில் அதில் கட்ட வேண்டும், முதல் தவணை வந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கன்செஷனைப் படிப்பு முடியும்வரை ரத்து செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியாயிற்று. வாலிபால் அக்காவுக்குப் போன் செய்தோம், திரும்பி வருகிறாள். ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பணம் வாபஸ், சட்டை அவர்களுக்கே. பி.டி. டிரெஸ் கட்டாயமில்லை. அந்த ட்ரிபிள் எக்ஸெல் ஆர்டர் கேன்சல்.

"உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?" என்று மேடம் கடைசியில் கேட்டார். கேட்டோம். என்ன என்று இப்போது சொல்லமாட்டேன்.

உன் ஏஞ்சல்

—

புதுவாயல்
22.12.2025

மாநில சாம்பியனுக்கு,

நீ அக்டோபரிலிருந்து என்னிடம் மறைத்ததற்கு முதலில் இரண்டு அடி. மற்றதெல்லாம் பிறகு.

வெள்ளிக்கிழமை ஃபைனல். எங்கள் கேட்டுக்குள் போன் கிடையாது, தெரியும்தானே. ராஜமாணிக்கம் சாரே கேன்டீன் டிவியில் யூடியூப் போட்டார். "டிபன் டைம் இருவது நிமிஷம்தான்" என்றார். நாற்பத்தைந்து நிமிடம் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை. கடைசி ரெய்டு, ஒரு பாயின்ட் பின்னால், நீ கோட்டைத் தாண்டிப் போகிறாய். மூன்று பேர் உன் இடுப்பைப் பிடித்தார்கள். சட்டை இழுபடுகிறது. நான் உன்னைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தேன். தாங்கு, தாங்கு என்றேன். தாங்கியது! உன் விரல் நடுக்கோட்டைத் தொட்டபோது ஆயிரத்து இருநூறு பேர் கத்தியதில் கேன்டீன் தகரம் அதிர்ந்தது. நைனா வீட்டில் அழுதுகொண்டே ரோட்டுக்கு ஓடி, போகிற லாரிகளை நிறுத்திச் சொன்னாராம். எளாவூர் வரை டிராஃபிக்.

உன் மெடலைத் தூக்கிக் காட்டுவாய் என்று பார்த்தால், கேமரா முன்னால் சட்டை ஓரத்தைத் திருப்பி லேபிளைத் தூக்கிக் காட்டுகிறாய். பன்னிரண்டு பேரும். பன்னிரண்டிலும் சிவப்புச் சிலுவை. என் பக்கத்தில் இருந்தவள் மேட்ச் முழுக்க என்னை ஏன் கிள்ளிக்கொண்டே இருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த லாட்டைத் தெரிந்தே எனக்குக் காட்டாமல் அடுத்த லைனில் தைத்திருக்கிறார்கள். என்னைத் தவிர மொத்த சிப்காட்டுக்கும் தெரியும் போல.

இன்றைக்கு உங்கள் காலேஜின் அடுத்த ஆர்டர் வந்தது. இந்தத் தடவை என் லைனுக்கே. மகளிர் அணிகள் முப்பத்தாறு. எஸ், எம், இரண்டு மூன்று எல். ராஜமாணிக்கம் சார் சீட்டைக் கொண்டுவந்து என் மெஷினில் அவரே ஒட்டினார். கடைசிக் குறிப்பை விரலால் தொட்டுக் காட்டினார். 'லேபிளுக்கு அடியில் சிவப்பு நூலில் சிலுவை. நெடுக்கே ஐந்து, குறுக்கே மூன்று.' செக்கிங்கில் இனி ஒவ்வொரு லேபிளையும் தூக்கிப் பார்ப்பார்களாம்.

சிவப்பு நூல் இல்லாத பீஸ் ரிஜெக்ட்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. வரும்போது அந்தச் சட்டையைத் துவைக்காமல் கொண்டுவா.

உன் அக்கா,
சுகிர்தா